கர்ப்பக் கவலையால் மூளை மாறுமா?

கேள்வி: கர்ப்பமாக இருந்தபோது நான் ரொம்பக் கவலைப்பட்டேனாம். அதனால் வயிற்றிலேயே என் மகனின் மூளையில் எபிஜெனிடிக்ஸ் மாறி, ஆட்டிசம் வந்துவிட்டதாக உறவினர் ஒருவர் சொல்கிறார். உண்மையா? - ஒரு வாசகி

பதில்: இல்லை, அப்படிச் சொல்ல ஆதாரம் கிடையாது. அவரிடம் இந்தப் பதிலையே காட்டுங்கள்.

மாறினாலே கெட்டுவிட்டது என்று நினைக்கிறார் அவர். கருவின் மூளையில் அந்த மாற்றம் நடந்தே ஆக வேண்டும். நம் உடம்பின் எல்லா செல்களிலும் இருப்பது ஏறக்குறைய ஒரே டி.என்.ஏ.தான். அதில் எந்த மரபணு வேலை செய்யணும், எது அடங்கியிருக்கணும் என்பதில் டி.என்.ஏ. மேல் ஒட்டும் மெத்தில் என்ற சிறு வேதிக் குறிகளுக்கும், டி.என்.ஏ. தன்னைச் சுற்றிக்கொண்டிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களில் நடக்கும் மாற்றங்களுக்கும் பெரிய பங்கு உண்டு. இவற்றைத்தான் எபிஜெனிடிக்ஸ் என்கிறார்கள். ஒரு செல் நியூரானாகவும் (நரம்பு செல்) இன்னொன்று ஈரல் செல்லாகவும் ஆவதில் இதற்கும் பங்கு உண்டு. 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், கருத்தரித்த 23-ஆம் நாள் முதல் 184-ஆம் நாள் வரையிலான 179 கருக்களின் மூளைத் திசுவைப் பார்த்தார்கள். கரு வளர வளர 28,000-க்கும் மேற்பட்ட இடங்களில் மெத்தில் அளவு கூடியோ குறைந்தோ வந்தது. அது மூளை உருவாகும் வேலை. எந்தத் தாயின் கவலையையும் அது காட்டவில்லை.

சரி, வெளிச்சூழல் தொடவே தொடாதா? தொடும். 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் கடும் பஞ்சம். அப்போது கருவானவர்களுக்கு அறுபது ஆண்டு கழித்தும் ஒரு வளர்ச்சி மரபணுவில் மெத்தில் குறைவாக இருந்தது. ஆனால் அது பார்க்கப்பட்டது ரத்தத்தில், மூளையில் இல்லை. தவிர, அந்தப் பட்டினியைக் கொண்டுவந்தது போர். அதற்கு எந்தத் தாயும் பொறுப்பில்லை.

உங்கள் மகன் கருவில் இருந்தபோது அவன் மூளையில் எந்தக் குறி எங்கே இருந்தது என்று இன்று யாராலும் பார்க்க முடியாது. பிறகு எதை வைத்து உங்கள் மேல் பழி போடுகிறார்? ஆட்டிசத்தில் மரபுக்குப் பெரும் பங்கு இருப்பதை இரட்டையர் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தாய்க்குப் பாசம் போதாததால் ஆட்டிசம் வருகிறது என்று 1950-களில் மருத்துவர்களே சொன்னார்கள். எத்தனையோ பெண்களை நொறுக்கிய பிறகுதான் அந்தக் கருத்து கைவிடப்பட்டது. இப்போது அதையே புது அறிவியல் பெயரில் சொல்ல விடக்கூடாது.

கருவின் மூளைமேல் அக்கறை இருந்தால் செய்ய வேண்டியவை வேறு. கருத்தரிக்கும் முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் வேண்டும். ஏனென்றால், பின்னர் மூளையாகவும் தண்டுவடமாகவும் ஆகும் நரம்புக்குழாய் கருத்தரித்த முதல் நான்கு வாரங்களுக்குள் மூடிவிடும். மது கூடாது. வலிப்புக்கு வால்ப்ரோயேட் என்ற மருந்து சாப்பிடுபவர் கர்ப்பத்துக்கு முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும். தானாக நிறுத்தக் கூடாது. கர்ப்பிணி மனம் உடைந்திருந்தால், அவருக்காகவே வீட்டார் உதவ வேண்டும்.