இன்றைக்கே சேர்ந்தால்தான் சலுகையாம்!

கேள்வி: எனக்கு வயது 36. வேலை முடிந்து இரவில் தனியாக வீடு திரும்புகிறேன். தற்காப்புக் கலை கற்கலாம் என்று ஓர் இலவச அறிமுக வகுப்புக்குப் போனேன். வகுப்பு முடிந்த கையோடு, 'ஆறு மாதத்தில் பிளாக் பெல்ட், இன்றைக்கே சேர்ந்தால் சலுகை' என்று ஒரு வருடக் கட்டணத்தைக் கேட்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பிறகு நான் ஓடியதுகூட இல்லை. வலது தோள்மூட்டு ஒருமுறை விலகியிருக்கிறது. சேரலாமா?

பதில்: கற்றுக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் வேண்டாம்.

பிளாக் பெல்ட்டின் முதல் நிலைக்கு 'ஷோடான்' என்று பெயர். 'முதல் படி' என்பதுதான் அதற்குப் பொருள். அடிப்படை தெரிந்துவிட்டது, இனிமேல்தான் படிப்பு என்று அர்த்தம். அந்த முதல் படிக்கே கராத்தேயில் சில வருடங்கள் ஆகும். தரையில் கட்டிப்புரண்டு எதிராளியை மடக்கும் பிரேசிலிய ஜியு-ஜிட்சுவில் பத்து வருடம் ஆவது சகஜம். ஆறு மாதத்தில் கிடைப்பது இடுப்பில் கட்டிக்கொள்ள ஒரு கறுப்புத் துணி, அவ்வளவுதான்.

காசு போகும் வழி வருடக் கட்டணத்தோடு முடிவதில்லை. மஞ்சள், ஆரஞ்சு, பச்சை என்று நிறத்துக்கு ஒரு தேர்வு வைப்பார்கள். தேர்வுக்குத் தனிக் கட்டணம், சான்றிதழுக்குத் தனிக் கட்டணம், சீருடையையும் அவர்களிடம்தான் வாங்க வேண்டும். ஆள் சேர்த்துவிட்டுக் கமிஷன் வாங்கும் 'கோஆர்டினேட்டர்' ஒருவர் நடுவில் இருப்பார். உங்களிடம் சலுகை பேசியவர் அவராகத்தான் இருக்கும். பாதியில் நின்றால் பணம் திரும்ப வருமா என்று அவரிடம் கேளுங்கள், உடனே மாஸ்டரைக் கைகாட்டுவார். மாஸ்டரிடம் போனால், ஆபீஸில் கேளுங்கள் என்பார்.

இதைக் கேட்க நாதியில்லை என்பதுதான் எனக்கு எரிச்சல். முடி வெட்டுகிற கடைக்குக்கூட உரிமம் கேட்கும் ஊர்கள் உண்டு. ஆனால் அடுத்தவர் கழுத்தை நெரிக்கக் கற்றுக்கொடுக்க, பல இடங்களில் ஒரு போர்டு மாட்டினால் போதும். ஒரே கலைக்கு நாலு சம்மேளனம், ஒன்று கொடுக்கிற சான்றிதழை இன்னொன்று மதிக்காது. ஆகவே சுவரில் தொங்கும் சான்றிதழ்களை எண்ணாதீர்கள், வகுப்பைப் பாருங்கள்.

அதுவும் அறிமுக வகுப்பை அல்ல, ஒரு சாதாரண நாள் வகுப்பை. ஓரமாக உட்கார்ந்து பார்க்க விடமாட்டோம் என்றால் அதோடு விட்டுவிடுங்கள். புதிதாக வந்தவருக்கு முதலில் என்ன சொல்லித் தருகிறார்கள்? பிடித்துத் தள்ளுகிற கலை என்றால், முதலில் விழத்தான் கற்றுத்தர வேண்டும். தாடையை நெஞ்சோடு ஒட்டி, கண்ணைப் பெல்ட் முடிச்சில் வைத்து, பின்மண்டை தரைவிரிப்பில் படாமல் விழ வேண்டும். அப்புறம் 'டேப்'. பிடி இறுகினால் எதிராளியின் உடம்பில் கையால் இரண்டு தட்டு, அவர் அந்த நொடியே விட்டாக வேண்டும். கழுத்தின் இரு பக்கமும் சரியாக அழுத்தினால் பத்து விநாடிக்குள் நினைவு தப்பிவிடும் என்பதால் இதில் வீராப்புக்கே இடமில்லை.

அடுத்து, மணிக்கட்டுப் பிடியை விடுவிப்பதைக் கவனியுங்கள். பிடித்திருப்பவரின் நாலு விரல் ஒரு பக்கம், கட்டைவிரல் மட்டும் தனியாக ஒரு பக்கம். அவை சந்திக்கிற இடம்தான் அந்தப் பிடியின் ஓட்டை. மணிக்கட்டின் ஒடுங்கிய விளிம்பை அங்கே திருப்பி, முழங்கையை மடக்கி, உடம்போடு சேர்த்து இழுத்தால் கை வெளியே வரும். இதைச் செய்யும்போது கூட்டாளி இறுக்கிப் பிடிக்கிறாரா, இல்லை நீங்கள் தொடுமுன்னே விட்டுவிடுகிறாரா? விட்டுவிடுகிறார் என்றால் அது நாடகம். முதல் மாதமே கத்தியைப் பிடுங்கச் சொல்லித் தருகிறவரை நம்பவே நம்பாதீர்கள். கத்தியைக் கண்டால் ஓடு என்று சொல்பவர்தான் விஷயம் தெரிந்தவர்.

எந்தக் கலை என்று ரொம்ப யோசிக்க வேண்டாம். வாரம் இரண்டு நாள் சலிக்காமல் போய்வரக்கூடிய இடம் எதுவோ அது. ஓடியதில்லை என்பதும் ஒரு குறையில்லை, போகப் போக மூச்சு பழகிவிடும்.

ஆனால் தோள் விஷயம் வேறு. ஒருமுறை விலகிய மூட்டு மறுபடி விலகக்கூடியது. கையைப் பக்கவாட்டில் உயர்த்தி, முழங்கையை மடக்கி, உள்ளங்கையைப் பின்னால் தள்ளுவதாக நினைத்துக்கொள்ளுங்கள், பந்து எறியப் போகிற மாதிரி; செய்து பார்க்க வேண்டாம். அந்த நிலையில்தான் பலருக்குத் தோள் முன்பக்கமாக நழுவும். ஜியு-ஜிட்சுவில் மூட்டை முறுக்கிப் பிடிக்கும் சில 'பூட்டுகள்' கையைச் சரியாக அந்த நிலைக்குத்தான் கொண்டுபோகும். விழும்போது கையை நீட்டி ஊன்றினாலும் ஆபத்துதான். அதற்காகக் குத்து, உதைக் கலைகள் பாதுகாப்பு என்று நினைத்துவிடாதீர்கள். முழு வேகத்தில் விட்ட குத்து காற்றில் போனாலும் தோள் வாங்கிக் கட்டிக்கொள்ளும். முதலில் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். இயன்முறைப் பயிற்சி சொன்னால் அதை முடித்துவிட்டு வாருங்கள். சேர்ந்த பிறகு, ஜோடி சேரும் ஒவ்வொருவரிடமும், 'வலது தோளில் பூட்டு வேண்டாம்' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒருமுறை சொன்னால் போதாது, ஆள் மாறும்போதெல்லாம் சொல்ல வேண்டும்.

இதையே மாஸ்டரிடமும் முதல் நாளே சொல்லுங்கள், கூடவே ஒரு மாதக் கட்டணம் மட்டும் கட்டுகிறேன் என்றும் சொல்லுங்கள். எந்தக் கை, எப்போது விலகியது, மருத்துவர் என்ன சொன்னார் என்று விசாரித்தால் சேருங்கள். 'அதெல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும்மா' என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள்.