நியூ ஹாம்ப்ஷயர் கீழவைக்கு ஓட்டுப் போட்டு என்ன ஆகப் போகிறது?

கேள்வி இது: "நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் நாஷுவா நகரத்தில் இருக்கிறோம். எனக்கும் மனைவிக்கும் இப்போதுதான் குடியுரிமை கிடைத்தது. 2026 நவம்பர் 3 அன்று கவர்னர் தேர்தலோடு மாநிலக் கீழவைத் தேர்தலும் வருகிறது. 400 பேர் உட்காரும் சபையாம். அதில் ஒருவர் இருவரைத் தேர்ந்தெடுத்து என்ன ஆகிவிடும்?"

நானும் நாஷுவாதான். 2022-ல் முதல்முறை ஓட்டுப் போட்டபோது கீழவைக்கான பகுதியைக் காலியாக விட்டுவிட்டு வந்தேன். ஒரு பெயரும் தெரியாது, தெரியாதவருக்குப் போடுவது தப்பு என்று நினைத்தேன். அப்புறம்தான் ராச்செஸ்டர் நகரத்து 4-வது வார்டு செய்தி வந்தது. மறு எண்ணிக்கை முடிந்தபோது இரண்டு வேட்பாளர்களுக்கும் சரியாக 970 ஓட்டு. அந்த நேரத்தில் மொத்த சபையின் கணக்கு குடியரசுக் கட்சி 201, ஜனநாயகக் கட்சி 198. அந்த ஒரு இடத்துக்கு 2023 பிப்ரவரியில் மறுபடியும் தேர்தல் வைத்தார்கள். ஜனநாயகக் கட்சி ஜெயித்து 201–199 ஆனது. அன்றைக்கு எத்தனை பேர் சபைக்கு வரவில்லை என்பதை வைத்தே ஒரு மசோதா பிழைப்பதும் சாவதுமாக இருந்த காலம் அது. நான் காலியாக விட்ட அந்த இடம் இன்னும் மனதை உறுத்துகிறது.

400 பேர் என்றால் ஒருவருக்கு மதிப்பில்லை என்று தோன்றும். உண்மை அதற்கு நேர் எதிர். இந்த மாநிலத்தின் மொத்த மக்கள்தொகையே சுமார் 14 லட்சம்தான். ஒரு பிரதிநிதிக்கு ஏறக்குறைய 3,500 பேர். கலிபோர்னியாவின் கீழவையில் 80 பேர்தான், அங்கே ஒருவருக்குக் கிட்டத்தட்ட ஐந்து லட்சம் பேர் வருவார்கள். அங்கே ஒருவர் சொல்வது எப்படிக் காதில் விழும்? இங்கே 2024-ல் ஒரு வேட்பாளர், ஓய்வு பெற்ற ஆசிரியை, எங்கள் வீட்டுக் கதவைத் தட்டி, வாசலிலேயே நின்று இருபது நிமிடம் சொத்து வரியைப் பற்றிப் பேசினார். பிறகு ஒரு சந்தேகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். அவரே போன் செய்தார். இவர்களுக்குத் தனி அலுவலகமோ உதவியாளரோ கிடையாது.

சம்பளம் எவ்வளவு தெரியுமா? இரண்டு வருடப் பதவிக்காலத்துக்கு 200 டாலர், அதோடு போக்குவரத்துப் படி. 1889-ல் மாநில அரசியல் சட்டத்தில் எழுதி வைத்தது, இன்றுவரை மாறவில்லை. இதைப் பெருமையாகச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஜனவரி முதல் ஜூன் வரை வேலை நாளில், பகல் நேரத்தில் மாநிலத் தலைநகர் கான்கார்டுக்குப் போய் உட்கார யாரால் முடியும்? ஓய்வு பெற்றவர்களால் முடியும், வசதி உள்ளவர்களால் முடியும். கைக்குழந்தை வைத்திருப்பவர், மணிக்கணக்குக் கூலிக்கு வேலை செய்பவர், நம்மைப் போல அலுவலகத்தில் விடுப்புக் கேட்டு நிற்பவர் எல்லாம் வெளியேதான். வீடு தேடி வந்த அந்த ஆசிரியையை நான் மதிக்கிறேன். ஆனால் 400 பேரில் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பிக்கொண்டிருப்பவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்க வேண்டும்.

ஏனென்றால் இந்தச் சபையில் முடிவாகிற பெரிய விஷயமே பள்ளிக்கூடச் செலவுதான். இங்கே விற்பனை வரி இல்லை, சம்பளத்துக்கு மாநில வருமான வரியும் இல்லை. பங்கு ஈவு, வட்டி மேல் இருந்த வரியும் 2025 தொடக்கத்தோடு போய்விட்டது. அப்படியென்றால் பள்ளிக்குப் பணம் எங்கிருந்து வரும்? பெரும்பகுதி உங்கள் வீட்டுச் சொத்து வரியிலிருந்து. ஒரு மாணவருக்கு மாநிலம் தரும் அடிப்படைத் தொகை போதவே போதாது, குறைந்தது 7,356 டாலராவது வேண்டும் என்று கீழ் நீதிமன்றம் சொன்னதை மாநில உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் ஏற்றுக்கொண்டது. அந்தப் பணத்தை எப்படித் திரட்டுவது என்பது சட்டசபையின் கையில் இருக்கிறது. பண மசோதாக்கள் கீழவையில்தான் தொடங்க வேண்டும். அதே வருடம், தனியார் பள்ளிக்கோ வீட்டுக் கல்விக்கோ அரசுப் பணம் தரும் திட்டத்துக்கு இருந்த வருமான உச்சவரம்பையும் நீக்கினார்கள். நீங்கள் எந்தப் பக்கம் நின்றாலும் சரி, உங்கள் பிள்ளையின் வகுப்பறையையும் வீட்டு வரி ரசீதையும் தொடுகிற சபை இதுதான்.

2024 தேர்தல் முடிவுப்படி குடியரசுக் கட்சிக்கு 222, ஜனநாயகக் கட்சிக்கு 178. நிலையான கணக்கு என்று நினைத்துவிடாதீர்கள். 400 இடங்களுக்கும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தேர்தல். 2010-ல் 298–102 என்று ஒரு பக்கம் சாய்ந்த சபை, 2012-ல் அடுத்த கட்சியின் கைக்குப் போனது.

நாஷுவாவில் 9 வார்டு, வார்டுக்கு 3 பிரதிநிதிகள். ஆகவே உங்கள் வாக்குச் சீட்டில் மூன்று பேர் வரை அவர்கள் பெயருக்குரிய வட்டத்தை நிரப்பலாம். ஒருவரைத்தான் பிடித்திருக்கிறது என்றால் ஒருவரோடு நிறுத்திக்கொள்ளலாம், சீட்டு செல்லும். நான்கு பேரை நிரப்பினால் அந்தப் பகுதி செல்லாது. செப்டம்பர் 8 அன்று கட்சிகளின் பிரைமரி, அதாவது கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல், பல இடங்களில் யார் நிற்கப் போகிறார் என்பது அன்றே தெரிந்துவிடும்.

கடைசியாக, இதை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். 2024 செப்டம்பரில் கையெழுத்தான சட்டப்படி, புதிதாகப் பதிவு செய்கிறவர்கள் குடியுரிமைக்கு ஆவணம் காட்ட வேண்டும். தேர்தல் நாளன்றே வாக்குச்சாவடியில் பதியலாம்தான், ஆனால் அமெரிக்க பாஸ்போர்ட்டோ குடியுரிமைச் சான்றிதழோ கையில் இருக்க வேண்டும். உங்கள் மனைவியின் சான்றிதழில் அப்பா பெயரும் ஓட்டுநர் உரிமத்தில் உங்கள் பெயரும் இருந்தால் திருமணச் சான்றிதழையும் எடுத்துச் செல்லுங்கள். 2025 மார்ச் டவுன் தேர்தல்களில், கல்யாணத்துக்குப் பிறகு பெயர் மாறிய பெண்கள் சிலர் இதற்காக வீட்டுக்குத் திரும்பிப் போய் வர வேண்டியிருந்தது. அக்டோபருக்கு முன்பே நகர எழுத்தர் அலுவலகத்தில் பதிந்துவிட்டால் அந்த அலைச்சலே இல்லை.