ஹிப் ஹாப் எப்படிப் பிறந்தது, சமூகத்தில் எதை மாற்றியது?

ஹிப் ஹாப் வெறும் பாட்டு வகைதானா, அது சமூகத்தில் எதையாவது மாற்றியதா என்று கேட்டிருக்கிறீர்கள். அதன் தொடக்கமாகப் பலரும் சுட்டுவது, நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் 1973 ஆகஸ்ட் 11 அன்று நடந்த விருந்தை. பள்ளி திறக்குமுன் புதுத்துணி வாங்கப் பணம் சேர்க்க சிண்டி கேம்ப்பெல் நடத்திய அவ்விருந்தில் பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் கட்டணம். ஜமைக்காவில் பிறந்த அவருடைய அண்ணன் டிஜே கூல் ஹெர்க், குரல் ஓய்ந்து தாளம் மட்டும் ஒலிக்கும் சில நொடிகளில்தான் கூட்டம் துள்ளி ஆடுகிறது என்பதைக் கவனித்து, ஒரே இசைத்தட்டின் இரு பிரதிகளை மாற்றி மாற்றி ஓட்டி அந்நொடிகளை நிமிடங்களாக நீட்டும் முறையை உருவாக்கினார்.

விரைவுச்சாலைக்காக வீடுகள் இடிக்கப்பட்டு, எஞ்சிய கட்டடங்கள் பலவும் தீக்கிரையான அப்பகுதியில், கறுப்பின, லத்தீன் இளைஞர்களுக்குக் கைக்கெட்டியவை பழைய இசைத்தட்டுகளும் சொந்தக் குரலும் தெருச்சுவர்களுமே; ஹிப் ஹாப்பின் கூறுகளான ராப் (தாளத்தோடு பேசுவதுபோல் பாடும் முறை), சுவரோவியம், பிரேக் நடனம் யாவும் அந்தச் சூழலில் வளர்ந்தவை. 1982இல் வெளிவந்த 'தி மெசேஜ்' என்ற ராப் பாடல் அப்பகுதியின் வறுமையை நேரடியாகப் பாடியது. ராப் பாடல்கள் சிலவற்றில் பெண்களை இழிவுபடுத்தும் வரிகள் மீதான குற்றச்சாட்டு நியாயமானதே. ஆயினும் 2018இல் கென்ட்ரிக் லாமரின் ராப் தொகுப்புக்கு, அதுவரை செவ்வியல் இசைக்கும் ஜாஸுக்குமே கிடைத்துவந்த, அமெரிக்காவின் புகழ்பெற்ற புலிட்சர் இசைப் பரிசு கிடைத்தது.