செல் ஆய்வைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்தலாமா?

ஒரு செல் ஆய்வைப் படித்துப் பயந்து, மனச்சோர்வுக்கான எஸ்சிட்டலோபிராம் மாத்திரையை நீங்களாகவே நிறுத்திவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிவிட்டு, கடைசியில் “நான் இல்லாவிட்டால் வீட்டுக்காவது செலவு மிச்சம்” என்று ஒரு வரி போட்டிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் முக்கியம். மூன்று வாரமாக எஸ்சிட்டலோபிராம் இல்லாமல் நோய் திரும்புகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை. இன்றே மனைவியிடம் சொல்லுங்கள். அவரோடு நாளைக்குள் உங்கள் மனநல மருத்துவரைப் பாருங்கள். இடையில் சாக வேண்டும் என்ற நினைப்பு முற்றினால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416; எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. எப்படிச் சாவது என்று யோசிக்கும் அளவுக்குப் போய்விட்டால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், தனியாகப் போகாதீர்கள். வீட்டில் பூச்சிமருந்தோ மிச்ச மாத்திரைகளோ இருந்தால் மனைவி எடுத்துப் பூட்டி வைக்கட்டும்.

சரி, உங்களைப் பயமுறுத்திய ஆய்வுக்கு வருவோம். மூளை செல்கள் பட்டினியில் சாகின்றன என்று படித்தீர்கள். அதில் சொல்லப்படும் பிசி12 செல்கள் மனித மூளையிலிருந்து வந்தவை அல்ல. எலியின் அட்ரினல் கட்டியிலிருந்து எடுத்து, 1976 முதல் ஆய்வகங்களில் வளர்த்துவரும் வரிசை. அதன்மேல் கார்டிகோஸ்டீரோன் என்ற அழுத்த ஹார்மோனை, எலியின் ரத்தத்தில் ஒருநாளும் இருக்காத அளவுக்கு ஊற்றுகிறார்கள். ஓரிரு நாளில் செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி என்ற பொருள் குறைகிறது, செல்கள் மடிகின்றன. மடியாமல் காப்பாற்றும் மருந்து எது என்று சலித்துப் பார்க்கத்தான் இந்த ஏற்பாடே. கண்ணாடித் தட்டில் இருக்கும் செல்லுக்குத் தூக்கம் கெடுவதும் இல்லை, கடன் கவலையும் இல்லை. அதை மனச்சோர்வின் மாதிரி என்று ஒரு வசதிக்காகச் சொல்கிறோம், அவ்வளவுதான்.

இந்தத் துறையே வெத்து என்று சொல்லவில்லை. மனச்சோர்வு நோயாளிகளின் தோல் செல்களிலும் ஆற்றல் உற்பத்தி குறைந்திருப்பதைச் சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஜப்பானிய விஞ்ஞானி யாமனாகா 2006-ல் கண்டுபிடித்த முறையால் அந்தத் தோல் செல்லையே நரம்பு செல்லாக மாற்றியும் பார்க்கிறார்கள். நல்ல ஆராய்ச்சி. ஆனால் உங்களுக்கு மருந்து எழுத இதில் இன்னும் எதுவும் இல்லை.

மாத்திரையை நிறுத்தியதும் வந்ததாக நீங்கள் சொல்லும் தலைசுற்றலும் தலைக்குள் ஷாக் அடித்தது போன்ற உணர்வும் மாத்திரையைத் திடீரென விட்டதன் விளைவு, மூளை அழிவது அல்ல. நீங்கள் எழுதிய மூன்று கிலோ எடை கூடியதற்கு இவ்வளவு கலக்கம் வேண்டாம். தைராய்டு, பி12, சர்க்கரை மூன்றையும் ஒருமுறை பார்த்துவிடலாம்.

மாத்திரைக்குப் பதிலாக ஆன்லைனில் வாங்கிய 5-எச்டிபி (உடலுக்குள் போய் செரட்டோனின் என்ற மூளை வேதிப்பொருளாக மாறுவது) காப்ஸ்யூலை மட்டும் இன்றே நிறுத்துங்கள். “இயற்கையானது” என்று டப்பாவில் போட்டிருந்தால் என்ன? எஸ்சிட்டலோபிராமோடு சேர்ந்தால் செரட்டோனின் அளவு மீறலாம். நடுக்கம், வியர்வை, காய்ச்சல், படபடப்பு என்று ஆஸ்பத்திரியில் போய் முடியலாம். பழைய மாத்திரையையும் நீங்களாகத் தொடங்காதீர்கள், எந்த அளவில் என்று மருத்துவர் சொல்லட்டும். போகும்போது அந்த டப்பாவையும் கையோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள்.