குடிப்பழக்கம் இல்லை, ஸ்கேனிலும் குறை இல்லை. கணைய நொதி ஏன் குறைகிறது?

கேள்வி: எனக்கு 44 வயது. மது தொட்டதில்லை. ஒரு வருடமாக மலம் எண்ணெய்ப் பசையோடு மிதக்கிறது, எடையும் 7 கிலோ குறைந்துவிட்டது. மல எலாஸ்டேஸ் அளவு 120. ஸ்கேனில் கணையம் நன்றாகவே இருக்கிறதாம். நொதி கேப்சூல் சாப்பிட்டும் பாதிதான் குணம். காரணம் என்ன? வாழ்நாள் முழுக்க இதைச் சாப்பிட வேண்டுமா?

பதில்: முதலில் அந்த 120. எலாஸ்டேஸ் கணையம் சுரக்கும் ஒரு நொதி; அது மலத்தில் எவ்வளவு வருகிறது என்பதைத்தான் இந்த எண் சொல்கிறது. ஒரு கிராம் மலத்தில் 200 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் கவலையில்லை. 100-க்குக் கீழே போனால் குறைபாடு இருக்க வாய்ப்பு அதிகம். நீங்கள் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறீர்கள். தண்ணீராகப் போன மலத்தைக் கொடுத்திருந்தால் நொதி நீர்த்துப்போய் எண் பொய்யாகக் குறைந்திருக்கும். ஓரளவு கெட்டியான மலத்தில் மறுபடி பாருங்கள். அதற்காகக் கேப்சூலை நிறுத்த வேண்டாம்.

அடுத்து, காரணம். நாள்பட்ட கணைய அழற்சி, புற்றுநோய், அறுவை சிகிச்சை, சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற மரபு நோய் ஆகியவைதான் வழக்கமானவை. ஸ்கேன் சரியாக இருக்கும்போது நான் வேறு மாதிரி யோசிப்பேன்: கணையம் சுரக்கத் தயாராக இருந்தும் அதற்குத் தகவல் போகவில்லையா? சுரந்த நொதி உணவோடு சேரவில்லையா? சேர்ந்த பிறகு அழிகிறதா?

தகவல் போகாததற்கு நல்ல உதாரணம் சிலியாக் நோய். உணவு வந்ததும் சிறுகுடலின் உட்சுவர்தான் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோனை விட்டுக் கணையத்தைச் சுரக்கச் சொல்கிறது. கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் அந்தச் சுவர் சிதைந்துவிட்டால் சொல்ல ஆளில்லை. உங்கள் விஷயத்தில் நான் முதலில் தேடுவது இதைத்தான், ஏனென்றால் இது திரும்பச் சரியாகக்கூடியது. குளூட்டனை அடியோடு விட்டால் குடல் ஆறும்; பலருக்கு நொதியும் மீண்டுவிடும், கேப்சூலை நிறுத்திவிடலாம். ஆனால் ரத்தப் பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நோய் இருந்தாலும் இல்லை என்று முடிவு வந்துவிடும்.

இரைப்பையில் அறுவை சிகிச்சை செய்தவர்களுக்கு உணவு ஒரு நேரம், நொதி ஒரு நேரம் என்று வந்து சேரும். சோலிஞ்சர்-எலிசன் நோயில் அளவுக்கு மீறிய அமிலம், கொழுப்பைச் செரிக்கும் நொதியான லைபேஸையே செயலிழக்க வைக்கும். அமிலத்தை அடக்கினால்தான் கேப்சூலும் வேலை செய்யும். ஹார்மோன் சுரப்பை அடக்கும் ஆக்ட்ரியோடைட் ஊசி போடுபவர்களுக்கு மருந்தே சுரப்பைக் குறைக்கும். சர்க்கரை நோயிலும், குறிப்பாக முதல் வகையில், எலாஸ்டேஸ் குறையலாம். தன்னெதிர்ப்புக் கணைய அழற்சி ஸ்டீராய்டுக்கு நன்றாகக் கட்டுப்படும். ஸ்வாக்மன்-டயமண்ட் போன்ற மரபு நோய்கள் பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே தெரிந்துவிடும்.

சரி, கேப்சூல் ஏன் பாதிதான் கேட்கிறது? சாப்பிடும் முறையில்தான் பெரும்பாலும் தவறு இருக்கும். சாப்பாட்டுக்கு முன்போ, முடித்த பிறகோ போட்டால் பாதி வீண். முதல் வாயோடு கொஞ்சம், நடுவில் மீதி என்று பிரித்துப் போடுங்கள். மெல்லக் கூடாது. பெரியவர்களுக்கு முழுச் சாப்பாட்டுக்கு 40,000 முதல் 50,000 யூனிட் லைபேஸ், நொறுக்குத்தீனிக்கு அதில் பாதி என்று தொடங்குவது வழக்கம். பலர் 10,000 யூனிட் கேப்சூல் ஒன்றோடு நின்றுவிடுகிறார்கள், அது போதாது. அளவைக் கூட்டியும் கேட்காவிட்டால் மருத்துவர் அமிலம் குறைக்கும் மருந்து சேர்ப்பார். சிறுகுடலில் பாக்டீரியா பெருகியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கொழுப்பை ஒரேயடியாக ஒதுக்காதீர்கள், எடை இன்னும் இறங்கும். வைட்டமின் ஏ, டி, ஈ, கே அளவுகளையும் எலும்பின் அடர்த்தியையும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த நொதி பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுவது; அதில் தயக்கம் இருந்தால் மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

வாழ்நாள் முழுக்கவா என்பது காரணத்தைப் பொறுத்தது. சிலியாக் என்றால் சில மாதங்கள் கழித்து எலாஸ்டேஸை மறுபடி பார்த்து முடிவெடுக்கலாம். இதற்கிடையில் மஞ்சள் காமாலை, முதுகுக்குப் பரவும் வயிற்று வலி, புதிதாகச் சர்க்கரை ஆகியவற்றில் ஏதாவது தலைகாட்டினால், பழைய ஸ்கேனை நம்பி இருக்காமல் உடனே புதிதாக எடுத்துவிடுங்கள்.