ஸ்பேம் பெட்டிக்குள் விழும் டெலிவரி ஆர்டர்

கேள்வி: எங்கள் சரக்கு முகவர் அலுவலகத்தின் மெயில் சர்வரில் ஸ்பேம்அசாசின் என்ற ஸ்பேம் வடிகட்டும் மென்பொருளை நிறுவிய பிறகு, கப்பல் நிறுவனங்கள் அனுப்பும் டெலிவரி ஆர்டர்களும் (சரக்கை விடுவிக்கும் ஆணைகள்) ஸ்பேம் பெட்டிக்குள் விழுகின்றன. மதிப்பெண் வரம்பை உயர்த்திவிடலாமா?
– வாசகர், ராயபுரம்

பதில்: வேண்டாம். இந்த மென்பொருள் ஒவ்வொரு மின்னஞ்சலுக்கும் விதிகளின்படி மதிப்பெண் தரும்; அது வரம்பை எட்டினால் ஸ்பேம் என்று ஒதுக்கும். இயல்பாக உள்ள 5 என்ற வரம்பை 8 ஆக்கினால், டெலிவரி ஆர்டரோடு குப்பையும் சேர்ந்தே உள்ளே வரும். தவறாகப் பிடிபட்ட மின்னஞ்சலின் ஹெட்டரை (மடலோடு வரும் தலைப்பகுதித் தகவல்களை) திறந்து, எந்தெந்த விதியால் மதிப்பெண் ஏறியது என்று முதலில் பாருங்கள். பழைய மின்னஞ்சல்களைக் கற்றுக் குப்பையை இனம்காணும் பேயஸ் வடிகட்டி, இயல்பான அமைப்பில், நல்லவை 200, குப்பை 200 எனக் குறைந்தது இத்தனை மின்னஞ்சல்களைக் கற்ற பிறகே வேலை செய்யத் தொடங்கும் என்பதால், குப்பையை மட்டும் ஊட்டிவிட்டு (பலர் செய்வது இதைத்தான்) பலனை எதிர்பார்க்க இயலாது. கப்பல் நிறுவன முகவரிகளுக்கு விலக்கு அளிப்பதானால், அனுப்புநர் முகவரியைப் போலியாக எழுதுவது எளிது என்பதால், அனுப்பிய டொமைன் உண்மையானதா என்று சரிபார்க்கும் எஸ்பிஎஃப் (SPF) அல்லது டிகிம் (DKIM) சோதனையில் தேறியவற்றுக்கு மட்டுமே அது பொருந்துமாறு அமையுங்கள்.