மடி வாட்டர்ஸ் வெள்ளையடித்தாரா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழு 1964இல் அமெரிக்காவில் ஊர் ஊராகப் பாடிவந்தபோது சிகாகோவில் செஸ் இசைத்தட்டு நிறுவனத்தின் ஒலிப்பதிவுக்கூடத்துக்குச் சென்றதாகவும், அவர்கள் குருவாக நினைத்த கறுப்பின ப்ளூஸ் இசைப் பாடகர் மடி வாட்டர்ஸ் அங்கே ஏணியில் நின்று கூரைக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்ததாகவும் படித்தேன். மனம் மிகவும் கனத்தது. இது உண்மையா? இன்னொரு கேள்வியும் உண்டு. ஒரு கட்டடத்தைத் தேடிப்போய் அங்கே பாடிப் பதிவுசெய்வதால் இசையில் என்ன கூடிவிடும்? அது வெறும் பக்திதானே? என் மகள் சிகாகோவில் இருக்கிறாள். அடுத்த முறை போகும்போது அந்த இடத்தைப் பார்க்கலாமா என்றும் யோசிக்கிறேன்.

எஸ்., திருநெல்வேலி

அன்புள்ள எஸ்.,

அப்படி நடந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்றே நினைக்கிறேன். இந்தக் கதையைச் சொல்பவர் குழுவின் கிதார் கலைஞர் கீத் ரிச்சர்ட்ஸ். 2010இல் வெளிவந்த தன்வரலாற்றிலும் அவர் அதை விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் அதே நாளில் அதே கூடத்துக்குள் நுழைந்த, குழுவின் பாஸ் கிதார் கலைஞர் பில் வைமனின் நினைவில் இருக்கும் மடி வாட்டர்ஸ், குழுவின் கருவிகளை உள்ளே கொண்டுசெல்லக் கைகொடுத்தவர். ஏணியும் வர்ண வாளியும் அவர் நினைவில் இல்லை. நிறுவனத்தைத் தொடங்கிய லியனார்ட் செஸ்ஸின் மகன் மார்ஷல் செஸ் இக்கதையை அடியோடு மறுத்திருக்கிறார். குடும்பப் பெயரைக் காப்பாற்றச் சொல்கிறார் என்று வாதிடலாம்தான். ஆனால் பின்னாளில் ஸ்டோன்ஸ் குழுவின் சொந்த இசைத்தட்டு நிறுவனத்தையே நடத்தியவர் அவர் என்பதால், கீத்தைப் பொய்யராக்குவதில் அவருக்குப் பெரிய ஆதாயம் இருந்திருக்காது.

சாட்சிகளைவிட நாட்காட்டியைத்தான் நான் அதிகம் நம்புகிறேன். ஸ்டோன்ஸ் செஸ் கூடத்தில் பதிவுசெய்தது 1964 ஜூன் 10, 11 தேதிகளில். அதற்கு ஒரு மாதம் முன்பு, மே 7 அன்று, மடி வாட்டர்ஸ் இங்கிலாந்தில் இருந்தார். ஒரு ப்ளூஸ் இசைப் பயணத்தின் முக்கியப் பாடகர்களில் ஒருவராக அங்கு சென்றிருந்த அவர், மான்செஸ்டரில் பயன்பாட்டில் இல்லாத ஒரு ரயில் நிலையத்தில் கிரனாடா தொலைக்காட்சி படமாக்கிய நிகழ்ச்சியிலும் பாடினார். 1963 செப்டம்பரில் பட்டி கை என்ற இளைஞரின் கிதார் துணையோடு ஒரு முழு இசைத்தட்டுக்கான பாடல்களைச் செஸ் நிறுவனத்துக்குப் பாடிக்கொடுத்திருந்தார். விற்பனை சரிந்திருக்கலாம், மனம் சோர்ந்தும் இருந்திருக்கலாம். ஆனால் கூலிக்குச் சுவர் பூசும் நிலையில் அவர் இருந்ததாக இந்தத் தேதிகள் காட்டவில்லை.

இருந்தும் இக்கதை இன்னும் உயிரோடிருப்பதற்குக் காரணம், அது இங்கிலாந்திலிருந்து வந்தவர்களை மீட்பர்களாக்கிவிடுகிறது என்பதுதான். உண்மையான அநீதி ஏணியின் மேல் இல்லை, ஒப்பந்தத் தாளில் இருந்தது. செஸ் சகோதரர்கள் பங்குதாரர்களாக இருந்த ஆர்க் மியூசிக் என்ற பதிப்புரிமை நிறுவனத்தின் மீது மடி வாட்டர்ஸும் பாடலாசிரியர் வில்லி டிக்சனும் 1970களில் வழக்குத் தொடுத்தார்கள். உரிமைத்தொகைக் கணக்கு படிக்கச் சலிப்பூட்டும்; கன்னத்தில் வழியும் வெள்ளைச் சாயம் உடனே கண்ணில் நிற்கும். நம் மனம் எதைக் கண்டு கனக்க வேண்டும் என்பதை இப்படிப்பட்ட கதைகள் தீர்மானித்துவிடுவதுதான் எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பக்தி இருந்தது, அதை மறுக்க வேண்டியதில்லை. குழுவின் பெயரே மடி வாட்டர்ஸ் 1950இல் செஸ் நிறுவனத்துக்காகப் பாடிய பாட்டிலிருந்து எடுக்கப்பட்டது. 1961இல் டார்ட்ஃபோர்டு ரயில் நிலையத்தில் கீத்தும் பின்னாளில் குழுவின் பாடகரான மிக் ஜாகரும் பேச்சுக்கொடுக்கக் காரணம், ஜாகரின் கையில் இருந்த இசைத்தட்டுகள்; ராக் அண்ட் ரோல் பாடகர் சக் பெர்ரியுடையவையும் மடி வாட்டர்ஸுடையவையும். ஜூன் மாதத்து அமெரிக்கப் பயணமும் சோர்வூட்டியதாகவே இருந்தது. தொலைக்காட்சியில் பாடகர் டீன் மார்ட்டின் அவர்களைக் கேலிசெய்தார். டெக்சாஸின் சான் அன்டோனியோவில் பழக்கிய விலங்குகளின் வேடிக்கைகளுக்கு நடுவே வாசிக்க வேண்டியிருந்தது. அந்த நிலையில் மேலாளர் ஆண்ட்ரூ ஓல்டம் ஏற்பாடு செய்த இரண்டு நாள் ஒலிப்பதிவு அவர்களுக்குப் பெரும் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆனால் சவுத் மிச்சிகன் அவென்யூ 2120 என்ற முகவரியில் அவர்களுக்குக் கிடைத்தது ஆறுதல் மட்டுமல்ல. லண்டனில் அவர்கள் பதிவுசெய்துவந்த ரீஜென்ட் சவுண்ட், முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டிய சிறிய அறை. செஸ் கூடத்தில் பொறுப்பிலிருந்த ஒலிப்பதிவாளர் ரான் மாலோவோ, அவர்கள் தட்டில் கேட்டுக் கேட்டு வியந்த அதே வகை இசையைத் தொழிலாகப் பதிவுசெய்துவந்தவர். மின்கிதாரும் டிரம்ஸும் ஒரே அறையில் உரக்க ஒலிக்கும்போது ஒன்றன் ஓசை மற்றொன்றன் மைக்கில் கசியத்தான் செய்யும். அதை எங்கே தடுப்பது, எங்கே அப்படியே விட்டு அறையின் உயிராக ஆக்கிக்கொள்வது, ஆம்ப்ளிஃபையருக்கு எவ்வளவு அருகில் மைக்கை வைப்பது என்பதெல்லாம் அனுபவத்தில் மட்டும் வரும் கைப்பழக்கம். நல்ல சமையற்காரர் உப்பை அளந்து போடுவதில்லை. அந்தக் கைப்பழக்கத்தைத்தான் அவர்கள் இரண்டு நாள் கடன்வாங்கினார்கள். பத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் பதிவாயின. எட்டிப்பார்த்த சக் பெர்ரி பாராட்டிவிட்டும் போனார்.

இதில் எனக்குப் பிடித்த முரண் ஒன்று உண்டு. அந்த யாத்திரையில் பிறந்து பிரிட்டனில் அவர்களுக்கு முதன்முதலாக முதலிடம் வாங்கித்தந்த ‘இட்ஸ் ஆல் ஓவர் நவ்’ செஸ் நிறுவனத்தின் பாடலே அல்ல. பாபி வோமாக்கின் வாலன்டினோஸ் குழு, பாடகர் சாம் குக்கின் இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பாடியது அது. நியூயார்க் வானொலி அறிவிப்பாளர் ஒருவர் சில நாட்களுக்கு முன்புதான் அதை அவர்களுக்கு அறிமுகப்படுத்தியிருந்தார். இன்னொன்றையும் பாருங்கள். 1965 மே மாதம் மீண்டும் செஸ் கூடத்துக்கு வந்து ‘சாட்டிஸ்ஃபாக்‌ஷன்’ பாடலைப் பதிவுசெய்து பார்த்தார்கள், அது சரிப்படவில்லை. இரண்டு நாள் கழித்து ஹாலிவுட்டில் ஆர்சிஏ கூடத்தில், கிதார் ஒலியைக் கரகரப்பாக்கும் ஒரு சிறு மின்பெட்டியோடு பதிவானதுதான் உலகம் கேட்ட வடிவம். சுவருக்குள் மந்திரம் இருந்திருந்தால் சிகாகோவிலேயே வேலை முடிந்திருக்க வேண்டும். ஆகவே, அந்தக் கூடத்தில் வேலை தெரிந்த ஆட்கள் இருந்தார்கள், அவர்களிடமிருந்து கற்றுக்கொள்ளும் பசி வந்தவர்களிடம் இருந்தது, அதனால் இசையில் கூடியது உண்டு என்பதே என் பதில்.

பெற்றதற்கு ஈடாக அவர்கள் செய்தவற்றுள் முகவரியையே தலைப்பாக வைத்த வாத்திய இசையை நான் பெரிதாக எண்ணுவதில்லை. 1965 மே மாதம் ‘ஷிண்டிக்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில், செஸ் நிறுவனத்தின் இன்னொரு பெரும் பாடகரான ஹவுலின் உல்ஃபையும் மேடையேற்ற வேண்டும் என்று வற்புறுத்தி, அவர் பாடும்போது காலடியில் உட்கார்ந்து கேட்டார்களே, அதுதான் மரியாதை.

கட்டடத்தை அவசியம் பாருங்கள். செஸ் நிறுவனம் 1960களின் பிற்பகுதியிலேயே அங்கிருந்து இடம்பெயர்ந்துவிட்டது. 1990இல் சிகாகோ நகரம் அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது. 1993இல் வில்லி டிக்சனின் மனைவி அதை வாங்கினார். கலைஞர்கள் தங்கள் உரிமைத்தொகையைப் பெறுவதற்கு உதவவென்று டிக்சன் தொடங்கிய ‘ப்ளூஸ் ஹெவன்’ அறக்கட்டளை இப்போது அங்கே இயங்குகிறது. கணக்கு முழுதாகத் தீராவிட்டாலும், கட்டடம் போய்ச் சேர வேண்டியவர்களிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது.

போவதற்கு முன் ‘ஐ காண்ட் பி சாட்டிஸ்ஃபைட்’ பாடலை மடி வாட்டர்ஸ் 1948இல் பாடியதையும், ஸ்டோன்ஸ் 1964 ஜூனில் செஸ் கூடத்தில் பதிவுசெய்ததையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். பாடகரை விட்டுவிட்டு, இரண்டாவதில் குழுவின் இன்னொரு கிதார் கலைஞர் பிரையன் ஜோன்ஸ் கிதார் தந்திமேல் குழலை வழுக்கவிட்டு வாசிப்பதை மட்டும் கவனியுங்கள். லண்டனில் அவர்கள் முன்பு பதிவுசெய்தவற்றில் எனக்குக் கேட்காத ஒரு நிதானம் அதில் இருக்கிறது. அது ரான் மாலோவின் கையா, ஜோன்ஸின் கையா என்று நீங்கள் கேட்டு எழுதினால் மகிழ்வேன்.